ஆறு இலக்கமும் ஊர் வாயும்

தெரிந்தவர் கேட்டால் கொடுக்கலாம், தெரியாதவர் கேட்டால் கொடுக்கக் கூடாது. நமது ஊர்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டு வந்த பாதுகாப்புப் பாடம் இவ்வளவுதான். கிடுகு வேலிக் காலத்தில் அது போதுமானதாகவும் இருந்தது. கடப்படியில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தோ, சலாம் சொல்லும் குரலைக் கேட்டோ, வந்திருப்பவர் இன்னார் என்று அறிந்துகொள்ள முடிந்தது. இன்று அந்தப் பாடம் செல்லாக்காசாகிவிட்டது. இன்றைய திருடன் தெரியாதவனாக வருவதில்லை. மச்சானின் பெயரிலும் மாமியின் படத்தோடும்தான் வருகிறான்.

வட்ஸ்அப் கணக்குகள் பறிபோகும் விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியுள்ளது. அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறியாதவர்களே நமது வீடுகளில் அதிகம்.

ஒரு தொலைபேசி இலக்கத்துக்குரிய வட்ஸ்அப்பைப் புதியதொரு போனில் திறப்பதற்குப் பொதுவாகக் கடவுச்சொல் எதுவும் கேட்கப்படுவதில்லை. அந்த இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்க எண் ஒன்றே போதும். திருடன் தனது போனில் நமது இலக்கத்தைப் பதிகிறான். எண் நமது போனுக்கு வருகிறது. அதே நேரத்தில், ஏற்கனவே பறிபோன ஓர் உறவினரின் கணக்கிலிருந்து நமக்கொரு செய்தியும் வருகிறது. "மாமி, எனக்கு வரவேண்டிய கோட் ஒன்று தவறி ஒங்கட நம்பருக்கு வந்திட்டு. அத ஒருக்கா எனக்கு அனுப்பி விடுங்க." கேட்பவர் மருமகன். மாமி ஏன் மறுக்கப்போகிறார்? அனுப்பிவிடுகிறார். அடுத்த நிமிடம் மாமியின் வட்ஸ்அப் மாமியிடம் இல்லை. அரை மணித்தியாலத்துக்குள் கட்டாரிலுள்ள மகனுக்கும், கொழும்பிலுள்ள தம்பிக்கும், பக்கத்து வீட்டு ராத்தாவுக்கும் மாமியின் பெயரில் செய்தி போகிறது. அவசரமாக ஐம்பதாயிரம் வேண்டும், இந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள், நாளைக்குத் தருகிறேன் என்று. பணம் போடுபவர் போடுகிறார். போடாதவரிடம் இன்னோர் ஆறு இலக்கம் கேட்கப்படுகிறது. சங்கிலி நீள்கிறது.

இங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2016 முதல் வட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர வேறெவரும் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. உலகத்தின் மிகச் சிறந்த பூட்டுகளில் ஒன்று அது. சாவியை நாமே எடுத்துக் கொடுத்தால் பூட்டு என்ன செய்யும்? சாவி பறிபோனாலும் கதவைத் தடுக்கும் இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்று 2017 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நாமே தெரிவுசெய்து நாமே மனதில் வைத்திருக்கும் ஆறு இலக்க எண் அது. அமைப்புகளுக்குள் சென்று அதனை இடுவதற்கு ஒரு நிமிடம் போதும். இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அதனை இட்டிருக்கிறோம்? நமது உம்மாவின் போனில் இட்டுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

இருந்தபோதிலும் பூட்டைப் பற்றிச் சொல்வதற்காக நான் இதனை எழுத முற்படவில்லை. பூட்டைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே நம்மைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். நான் பேச விரும்புவது திருட்டு நடந்த பின்னர் நமது ஊர் என்ன செய்கிறது என்பதைப் பற்றி.

ஒரு வீட்டில் ஆடு களவு போனால் ஊரே கள்வனைத் தேடுகிறது. ஒரு பெண்ணின் வட்ஸ்அப் களவு போனால் ஊர் அந்தப் பெண்ணைத் தேடுகிறது. "இவளுக்கு எதுக்கு இந்தப் போன்?" "படிச்சவ என்டு சொல்றாங்க, இதுகூட விளங்கலியா?" "வேறென்னமோ இருக்கு, அதுதான் மறைக்கிறா." இப்படியான வார்த்தைகளை நான் சந்தியிலும் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறேன். பணத்தை இழந்தவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வாய்கள் அவருக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன.

இதன் விளைவு என்ன? பறிகொடுத்தவர் மறைக்கிறார். மகனிடம் மறைக்கிறார், கணவரிடம் மறைக்கிறார், அயலவரிடம் மறைக்கிறார். அந்த மறைப்பு நீடிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் திருடனின் அறுவடைக் காலமாகும். பறிபோன கணக்கை மீட்பது கடினமான காரியமல்ல. சிம் நமது கையில்தான் இருக்கிறது. மீண்டும் நமது இலக்கத்தைப் பதிந்து, நமக்கு வரும் புதிய ஆறு இலக்கத்தை நாமே இட்டால் திருடன் வெளியே தள்ளப்படுகிறான். அவன் தனது தாழ்ப்பாளை இட்டு வைத்திருந்தால் நாம் உள்ளே செல்ல ஏழு நாட்கள் வரை காத்திருக்க நேரலாம். ஆனாலும் அவன் வெளியேறிவிடுவான். அந்த ஏழு நாட்களில் ஊருக்குச் செய்தி போயிருந்தால் வேறொருவரும் ஏமாறப் போவதில்லை.

ஆகவே, இந்தத் திருட்டின் முதலீடு தொழில்நுட்பமல்ல. நமது வெட்கம்தான் அதன் முதலீடு. அந்த முதலை மோசடிக்காரனுக்கு வட்டியில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பது நமது ஊர் வாய்.

நமது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்துச் செய்தி சொல்கிறோம். காணாமற்போன ஆட்டுக்கும், கண்டெடுத்த திறப்புக் கோர்வைக்கும் அறிவித்தல் கொடுக்கிறோம். "இன்ன வீட்டாரின் வட்ஸ்அப் பறிபோயுள்ளது. அந்த இலக்கத்திலிருந்து யார் என்ன கேட்டாலும் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு வரி அறிவித்தல் கொடுப்பதற்கு எந்த நம்பிக்கையாளர் சபையாவது தீர்மானம் எடுத்திருக்கிறதா? எடுத்தால் அதற்குச் செலவு ஏதும் இல்லை. அஸருக்குப் பறிபோன கணக்கின் சங்கிலி மஃரிபுக்குள் அறுந்துவிடும். அதைவிடப் பெரிய பயனொன்றும் உண்டு. ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட விடயம் வெட்கத்துக்குரிய விடயமாக இருக்க முடியாது. களவு போனது களவு போனதாகவே ஊருக்குத் தெரியவரும்.

பணத்தோடு முடிந்துவிடும் விடயமென்றால் இவ்வளவு உரக்கப் பேச வேண்டியதில்லை. பணம் போனால் உழைத்துக்கொள்ளலாம். படம் காட்டி மிரட்டும் விவகாரத்தில்தான் உயிர் ஊசலாடுகிறது.

நிச்சயம் செய்யப்பட்ட மாப்பிள்ளைக்கு நம்பி அனுப்பிய படம், திருத்தக் கொடுத்த போனிலிருந்து பிரதிசெய்யப்பட்ட படம், அழித்துவிட்டதாக எண்ணிய படம் என்று இது பலவாறாக நடக்கிறது. பல போன்களில் அழித்த படம் உடனே அழிவதில்லை. குப்பைத்தொட்டி என்ற இடத்தில் 30 நாட்கள் வரை கிடக்கிறது. கடையில் போனைக் கொடுக்கும்போது திறக்கும் கோலத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அலுமாரிச் சாவியைத் தச்சனிடம் கொடுத்துவிட்டு ஒரு கிழமைக்கு வெளியூர் செல்வதற்கு ஒப்பானது அது.

இதற்கும் மேலாக, இன்று படமே எடுக்காத பெண்ணுக்கும் படம் உண்டு. முகம் மட்டும் கிடைத்தால் மீதியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் செய்து தருகின்றன. பர்தா அணிந்து எடுத்த படத்தின் முகத்தையே எடுத்து ஆடையற்ற உடலில் பொருத்த முடிகிறது. அப்படியிருக்க, "அவள் ஒழுங்காக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?" என்ற கேள்விக்கு இனி என்ன அர்த்தம் இருக்கிறது? அந்தக் கேள்வியை இன்றும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் காலத்தை அறியாதவர்கள், அல்லது அறிந்துகொண்டே திருடனின் பக்கம் நிற்பவர்கள்.

மிரட்டுபவன் கையிலிருப்பது ஒரு படம். அது தானாக எவரையும் கொல்லாது. "வாப்பாவுக்கு அனுப்புவேன்" என்ற ஒரு வசனமே அவனது ஆயுதம். வாப்பா என்ன செய்வார் என்று பிள்ளைக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். "அனுப்பு பார்ப்போம், வாப்பாவுக்கு நானே சொல்லிவிட்டேன்" என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடிந்தால் அந்த ஆயுதம் அந்த இடத்திலேயே மழுங்கிவிடும். அப்படிச் சொல்லக்கூடிய வாப்பாக்களாக நாம் இருக்கிறோமா என்பதே இங்கு எழும் கேள்வி.

பயந்து பணம் கொடுப்பதால் மிரட்டல் ஓய்வதில்லை. கொடுக்கக்கூடியவர் என்பது தெரிந்தால் அவன் மறுபடியும் கேட்பான். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதும் தவறு. அவன் அனுப்பிய செய்தி, இலக்கம், பணம் கேட்ட கணக்கு விபரம் ஆகியவை சாட்சிகள். அவற்றைத் திரைப்படமாக எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பிள்ளைகள் தொடர்பாக 1929, பெண்கள் தொடர்பாக 1938, கணினி சார்ந்த விடயங்களுக்கு 101 என்று தொலைபேசி இலக்கங்கள் உள்ளன. வயது வந்தவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுப்பதற்கென 2021 முதல் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசச் சேவையொன்று இயங்குகிறது. நாம் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நமது போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண்கோவை உருவாக்கப்பட்டு, அது மட்டுமே செல்கிறது. இச்சேவையில் இணைந்துள்ள பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் அந்தக் கைரேகையைக் கொண்டு அடையாளம் கண்டு அகற்ற முடிகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இதுபோன்ற வேறொரு சேவை 2023 முதல் உள்ளது. இவற்றை எத்தனை பாடசாலைகளின் அறிவித்தல் பலகைகளில் காணலாம்?

இந்த இடத்தில் ஒரு பதில் வழமையாக வரும். "இதற்குத்தான் பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் போன் கொடுக்கக் கூடாது என்கிறோம்." மேடைகளிலும் பயான்களிலும் இதனைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இதைச் சொல்பவரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. அவரது கணக்கைத்தான் சந்தேகிக்கிறேன். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் வட்ஸ்அப்பில்தான் வந்தது. வங்கி, பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டிலுள்ள கணவரின் குரல் என்று எல்லாம் அதே கருவியில்தான் வருகின்றன. பிடுங்கப்பட்ட போனுக்குப் பதிலாக ஒளித்து வைத்த போன் ஒன்று வரும். தெரிந்த கணக்குக்குப் பதிலாகத் தெரியாத கணக்கு ஒன்று வரும். ஒளித்து வைத்த போனில் நடந்த அநியாயத்தை எந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்? தடை போடுபவர் பிள்ளையைப் பாதுகாக்கவில்லை. மிரட்டுபவனுக்கு இன்னொரு இரகசியத்தைப் பரிசளிக்கிறார். இத்தனைக்கும் மாமி பறிகொடுத்த ஆறு இலக்கத்துக்கும் குமரிப் பிள்ளைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனைத் தடைசெய்ய வேண்டுமானால் மாமிமாருக்கும் மௌலவிமாருக்கும் அதிபர்மாருக்கும் சேர்த்தே போனைத் தடைசெய்ய வேண்டும்.

எனது தொழிலைச் சார்ந்தவர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. கொரோனாக் காலத்தில் திறக்கப்பட்ட வகுப்புக் குழுக்கள் பல இன்றும் மூடப்படாமல் கிடக்கின்றன. ஒரு குழுவில் நாற்பது பிள்ளைகளின் உம்மாமாருடைய இலக்கங்கள் இருந்தால், குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் அந்த நாற்பது இலக்கங்களும் தெரியும். விலகிச் சென்ற பிள்ளையின் மூத்த சகோதரனுக்கும் தெரியும், போனை இரவல் வாங்கியவனுக்கும் தெரியும். செய்தி அனுப்புவதுதான் நோக்கமென்றால், ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியே போய்ச்சேரும் புரோட்காஸ்ட் பட்டியல் என்ற வசதி அதே செயலியில் இருக்கிறது.

பதாதைக் கலாசாரம் இதனைவிட மோசம். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தாலும், சாதாரண தரத்தில் ஒன்பது 'ஏ' எடுத்தாலும், பிள்ளையின் பெரிய வண்ணப் படம், முழுப் பெயர், தகப்பன் பெயர், பாடசாலை, ஊர் என்று சகல விபரங்களோடும் சந்தியில் பதாதை கட்டுகிறோம். அதே பதாதை பேஸ்புக்கிலும் ஏற்றப்படுகிறது. பரீட்சைக்கு முன்னர் அனுமதி அட்டையைப் படமெடுத்துப் போட்டு துஆக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. சுட்டெண்ணை இட்டால் எவரும் பெறுபேற்றைப் பார்க்கலாம் என்பதை அப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. முகத்தை எடுத்து உடலில் பொருத்துபவனுக்குத் தெளிவான முகம் ஒன்றுதான் தேவை. அதனை அச்சடித்துக் கட்டிக்கொடுப்பவர்கள் நாம். கிடுகு வேலியை எடுத்துவிட்டு ஆள் உயர மதில் கட்டிய ஊர் இது. மதிலுக்கு உள்ளேயிருக்கும் பிள்ளையின் முகத்தை மதிலுக்கு வெளியே பத்தடி அகலத்தில் தொங்கவிடுவதில் நமக்கு எந்த முரண்பாடும் தெரிவதில்லை. பிள்ளையின் வெற்றியைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரைப் போடுங்கள், பாராட்டுங்கள். படத்தையும் போடுவதென்றால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்கக் கற்றுக்கொடுத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். ஒருவரின் முகத்தை ஊருக்குக் காட்டுமுன் அவரது அனுமதியைக் கேட்பதும் அதே ஒழுங்கில் அடங்கும்.

தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தை நாம் வெறும் இலக்கமென்று நினைக்கிறோம். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்களும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பவை. பெண்ணாக இருந்தால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வருகிறது, மற்றது அப்படியேதான். ஆக, இலக்கத்தைக் கொடுத்தவர் தான் ஆணா பெண்ணா என்பதையும், பிறந்த திகதியையும் கொடுத்துவிட்டார். அந்தப் பிறந்த திகதியைத்தான் நம்மில் பலர் வங்கி அட்டைக்கும் போனுக்கும் இரகசிய இலக்கமாக வைத்திருக்கிறோம். கொமினிகேஷன் கடையில் போட்டோப் பிரதி எடுக்கும்போது பிழைத்துப்போன பிரதிகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். அவற்றில் மறுநாள் வடை சுற்றப்பட்டு வந்ததை நான் கண்டிருக்கிறேன். பிரதியொன்றை எங்கேனும் கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே என்ன தேவைக்காக, எந்தத் திகதியில் கொடுக்கிறோம் என்று பேனையால் எழுதிவிட வேண்டும். வேறு தேவைக்கு அதனைப் பாவிப்பது அப்போது கடினமாகிவிடும். நமது இலக்கத்தில் எத்தனை சிம்கள் பதியப்பட்டுள்ளன என்பதையும் தொலைபேசி நிறுவனக் கிளைகளில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். நமது பெயரில் பதிவான சிம்மால் நடக்கும் குற்றத்துக்கு முதலில் தேடப்படுபவர் நாம்தான்.

இந்த நாட்டில் முஸ்லிமாக இருப்பவருக்கு இதில் இன்னோர் அபாயமும் உள்ளது. அதனைச் சொல்லாமல் இவ்விடயத்தை முடிக்க முடியாது.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நமது கடைகளும் வீடுகளும் எரிந்தபோது வெறுப்புப் பேச்சு பேஸ்புக் வழியாகப் பரவியது. அதில் தனது தளத்துக்கிருந்த பங்குக்காக அந்த நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில், ஒரு முஸ்லிம் வர்த்தகர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலென்று பொருள்கொள்ளப்பட்டுப் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்கு வன்முறை பரவியது. 2020 ஏப்ரலில், இனவாதத்துக்கு எழுத்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற கருத்தில் பேஸ்புக்கில் எழுதிய ரம்ஸி ராஸிக் கைதுசெய்யப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்தான்.

இவை மூன்றும் நமக்கு என்ன சொல்கின்றன? நாமே எழுதிய, நல்லெண்ணத்தோடு எழுதிய வரிக்கே இந்த விலை என்றால், நமது கணக்கைப் பறித்தெடுத்தவன் நமது பெயரிலும் நமது தொப்பி போட்ட படத்தோடும் எழுதும் வரிக்கு என்ன விலை? "அது நான் எழுதியதல்ல" என்று சொல்லும்போது நம்மை நம்பப்போவது யார்? பறிபோனவுடனேயே ஊருக்கும் பொலிஸுக்கும் அறிவித்தவரிடம் ஒரு முறைப்பாட்டு இலக்கமாவது இருக்கும். வெட்கப்பட்டு மறைத்தவரிடம் எதுவும் இருக்காது. ஆகவே, இந்த மௌனம் ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு தெருவின், ஒரு சந்தையின் பாதுகாப்பும் அதில் தங்கியுள்ளது.

அரசு என்ன செய்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டும்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் பிற்போடப்பட்டன. நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்டு அடுத்த மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அதன் சொற்கள் கருத்துச் சுதந்திரத்தின் குரல்வளையை நெரிக்கக்கூடியவை என்ற கண்டனம் எழுந்தும் அது நிற்கவில்லை. பேசுபவரைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இருந்த அவசரம், மக்களின் விபரங்களைக் காக்கும் சட்டத்துக்கு இருக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மொழியும் ஒரு பிரச்சினை. வங்கியிலிருந்து வரும் ஒருமுறை இலக்கத்தோடு "எவருக்கும் கொடுக்க வேண்டாம்" என்ற எச்சரிக்கையும் வருகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழும் அரச கரும மொழியாகி மூன்று தசாப்தங்கள் கடந்துவிட்டன. எச்சரிக்கை மட்டும் ஏன் மாமிக்கு விளங்காத மொழியில் வர வேண்டும்? ஏமாற்றுபவன் மாமியின் பேச்சுத் தமிழில் கேட்கிறான். காப்பாற்ற வேண்டியவர்கள் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். இந்தப் போட்டியில் யார் வெல்வார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இதனை ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுத வேண்டுமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது. சீதனத்தைப் பற்றி நமது எழுத்தாளர்கள் எழுதினார்கள். அரபு நாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றவளின் கண்ணீரை எழுதினார்கள். யுத்தத்தையும் வெளியேற்றத்தையும் எழுதினார்கள். அவை எழுதப்பட்டதனால்தான் அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஊருக்குச் சொற்கள் கிடைத்தன. போனில் மிரட்டப்பட்ட பெண்ணைப் பற்றி நமது கதைகள் என்ன சொல்லியிருக்கின்றன? நான் வாசித்த அளவில், அவள் பெரும்பாலும் கடைசிப் பந்தியில் கிணற்றிலோ கயிற்றிலோ முடிகிறாள். கதாசிரியர் அவளுக்காக அழுகிறார், வாசகரும் அழுகிறார். ஆனால் அந்த முடிவு, ஊர் வாய் கொடுத்த தீர்ப்பை அழகிய தமிழில் நிறைவேற்றி வைக்கிறது. அவள் மறுநாள் காலையில் எழுந்து, உம்மாவையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய், திரும்பி வந்து பகல் சோறு ஆக்கிய கதையை யாராவது எழுதியிருக்கிறார்களா? அப்படியான பெண்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களின் பெயரைச் சொல்ல வேண்டாம். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதையாவது நமது கதைகள் சொல்ல வேண்டாமா?

எழுத்தாளர் குழுக்களின் நிலை வேறு. தனிப்பட்ட உரையாடலைப் படமெடுத்து இன்னொரு குழுவில் போட்டுவிட்டு அதனை இலக்கிய விவாதம் என்கிறார்கள். கருத்து மோதலில் தோற்றவர் எதிராளியின் குரல் பதிவை வெளியிடுகிறார். ஒருவர் நம்பிக் கதைத்தது அமானிதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாடத்திலிருந்து விதிவிலக்கு எதுவும் கிடையாது. மிரட்டுபவன் செய்வதும் இதையேதான். அவன் பணம் கேட்கிறான், இவர்கள் கைதட்டல் கேட்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பவை பெரிய விடயங்களல்ல. இந்தக் கிழமை உம்மாவின் போனை வாங்கி அந்த இரண்டாவது தாழ்ப்பாளை இட்டுக்கொடுங்கள். எவர் கேட்டாலும், நான் கேட்டாலும்கூட, போனுக்கு வரும் இலக்கத்தைச் சொல்லக் கூடாது என்று உம்மாவின் தமிழிலேயே சொல்லுங்கள். பணம் கேட்டு வரும் செய்தியை நம்புமுன் அந்த ஆளுக்கு அழைப்பெடுத்துக் குரலைக் கேட்கச் சொல்லுங்கள். குரலையும் போலியாகச் செய்யும் காலம் வந்துவிட்டதால், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த கேள்வியொன்றையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் பறிபோன இலக்கங்களை அறிவிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பறிகொடுத்த ஒருவர் உங்கள் கடப்படிக்கு வந்து நின்றால், "ஏன் கொடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். "எப்போது நடந்தது? யார் யாருக்கு உடனே சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள்.